கோடைமலையில் ஓர் ஊர் பிறந்த வரலாறு

(அய்யலூர் விழா மேடையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அய்யலூர் குன்றுகள் சூழ்ந்த ஊர். திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் நோக்கி வரும் இருப்புப்பாதை இக்குன்றுகளின் இடையே புகுந்து செல்கிறது. 1875ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கும் மதுரைக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியது. அதுமுதல், கோடையின் வெம்மைக்கு அஞ்சிச் சென்னையிலிருந்து கொடைக்கானல் சென்ற வெள்ளையர் இவ்வழியே பயணம் செய்தனர். அவர்கள் இறங்கிய நிலையம் திண்டுக்கல்லுக்கு அப்பால் உள்ள அம்மையநாயக்கனூர். அந்நிலையமே இன்று ‘கொடைக்கானல் ரோடு’ எனப் பெயர் தாங்கி நிற்கிறது.

இக்காலத்தில் மலையடிவாரம் என்றாலே வீட்டுமனை என்னும் எண்ணம் வந்துவிட்டது. எல்லைக்கற்கள் நடப்படுகின்றன, வண்ணக் கொடிகள் பறக்கின்றன, ‘மலைக்காட்சியுடன் மனை’ என்று தட்டிகள் அழைக்கின்றன. மலைச்சரிவில் வீடு கட்டிக் குடியேறும் ஆசை புதியதன்று. ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் திண்டுக்கல் மாவட்டத்தின் மலையுச்சியிலேயே அவ்வாசை ஓர் ஊராக உருப்பெற்றது. அவ்வூர் எதற்காகத் தோன்றியது, எவர் தோளில் ஏறியது, எந்நீரால் வளர்ந்தது என்பவற்றை அறிந்துகொள்வது, இன்று மனை வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் ஒருங்கே பயன்படும். ஆகவே கொடைக்கானல் குடியிருப்பின் தொடக்கக் கால வரலாறு இவ்வுரையின் பொருளாகிறது.

மலை வெறுமையாய் இருந்ததில்லை

கொடைக்கானலின் வரலாற்றை 1845ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. வெள்ளையர் வீடு கட்டிய ஆண்டு அது. ஆயினும் மலை அதற்கு முன் ஆளில்லாமல் இருந்ததென்று எண்ணுவது பிழை.

புறநானூறு கோடைமலைத் தலைவன் ஒருவனை அறியும். கடியநெடுவேட்டுவன் என்னும் அவனைப் பெருந்தலைச் சாத்தனார் பாடியுள்ளார். அக்கோடைமலை இன்றைய கொடைக்கானல் பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆண்ட பொதினியும் இம்மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்துப் பழனியே. தாண்டிக்குடி முதலிய மலை ஊர்களில் கற்பலகைகளால் எழுப்பிய பெருங்கற்காலப் பதுக்கைகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. பழனிக்கு அருகே உள்ள ஐவர்மலையில் சமண முனிவர் தங்கினர். அங்குள்ள பாறைச் சிற்பங்களும் கி.பி. 870ஆம் ஆண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியன் காலக் கல்வெட்டும் அதற்குச் சான்று. மலையில் தங்கிய அம்முனிவர்க்கு இயற்கைப் பாறையின் நிழலே இல்லமாயிற்று.

காட்டில் தேனும் கிழங்கும் தேடி வாழ்ந்த பளியர், மலைச்சரிவைப் படிப்படியாகத் திருத்தி உழுத குன்னுவர் ஆகியோர் இம்மலையின் நெடுங்காலக் குடிகள். வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, வெள்ளகவி முதலியன வெள்ளையர் வருமுன்பே இருந்த ஊர்கள். இவ்வூர்களின் அமைப்பை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். நீரோடும் பள்ளத்தை உழவுக்கு விட்டு, காற்றுக்கு மறைவான சரிவில் வீடுகளை நெருக்கமாக அமைத்தனர். வீட்டுக்கென அவர்கள் எடுத்துக்கொண்ட நிலம் மிகச் சிறிது.

உழவு நடக்காத புல்வெளியைத் ‘தரிசு’ என எழுதுவது கம்பெனி ஆட்சியின் வருவாய்க் கணக்கு மரபு. மலைக்குடிகளுக்கோ அதே புல்வெளி மேய்ச்சல் நிலம். அதன் ஓரத்துச் சோலை மருந்தும் விறகும் தரும் இடம். இந்த முரண் மலைநகர் எல்லாவற்றிலும் எழுந்தது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறி, பின்னர் உதகையில் வீடு கட்டியபோது, தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என நிலம் வாங்கினார் என்பர். விலை சிறிது எனினும், நிலத்துக்கு உரியவர் தோடரே என்னும் கொள்கை அச்செயலில் இருந்தது. அக்கொள்கைக்காக அவர் மேலதிகாரிகளோடு வாதாடவும் செய்தார். நிலம் எவருடையது என்னும் அக்கேள்வி மலைநகர்களின் தொடக்கத்திலேயே உள்ளது என்பதை நினைவிற் கொள்க.

நோய்க்கு அஞ்சி ஏறியவர்கள்

1821ஆம் ஆண்டில் நில அளவையாளரான லெப்டினன்ட் வார்டு என்பவர் வெள்ளகவி என்னும் குன்னுவர் சிற்றூரைத் தம் தங்குமிடமாகக் கொண்டு, அங்கிருந்து மேலேறி மலையுச்சியை அளந்தார். ஐரோப்பியர் ஒருவர் இம்மேட்டு நிலத்தை முறையாக ஆராய்ந்தது அதுவே முதன்முறை. 1834இல் மதுரைத் துணைக் கலெக்டர் ராட்டன், வருவாய் வாரிய உறுப்பினர் காட்டன் ஆகிய இருவர் தேவதானப்பட்டிப் பக்கமாக ஏறி, அடுக்கம் கணவாயின் தலைப்பில், செண்பகனூருக்கு அருகே, ஒரு சிறு பங்களா கட்டினர். 1836இல் புகழ்பெற்ற தாவரவியல் அறிஞர் இராபர்ட் வைட் வந்து இங்குள்ள செடிகொடிகளை ஆராய்ந்து, மறு ஆண்டில் அதனை எழுதி வெளியிட்டார். ஆயினும் இவர்களுள் எவரும் ஊரை உருவாக்கவில்லை. ஊரை உருவாக்கியது அச்சம்.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து பணி தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். இளம் மனைவியரும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். உடல்நலம் தேற ஓர் இடம் தேடிய அவர்கள் முதலில் நாடியது திண்டுக்கல்லுக்கு அண்மையிலுள்ள சிறுமலை. அங்குக் காய்ச்சல் அவர்களை விடவில்லை. பின்னரே பழனிமலையின் உச்சியை நோக்கினர். 1845இல் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்னும் இரு வீடுகள் எழுந்தன. கொடைக்கானல் குடியிருப்பின் கால்கோள் அதுவே.

இங்கு நின்று சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வாந்திபேதி எதனால் வருகிறது என்பதை அக்காலத்தார் அறியார். தாழ்நிலத்தின் ‘கெட்ட காற்று’ நோய் தருகிறது. மலையின் ‘நல்ல காற்று’ நோய் தீர்க்கிறது என்பதே அன்றைய மருத்துவ நம்பிக்கை. 1854இல்தான் இலண்டன் மாநகரில் ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர், ஒரு தெருக் குழாயின் மாசடைந்த நீரே வாந்திபேதி பரவக் காரணம் என்பதைக் காட்டினார். அந்நோயின் கிருமியை இராபர்ட் காக் 1884இல் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதி செய்தார். காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார்.

ஆகவே 1845இல் மலையேறியவர்கள் பிழையான காரணத்தை நம்பிச் சரியான இடத்தை அடைந்தனர் எனலாம். அவர்களை வாந்திபேதியிலிருந்து காத்தது காற்று அன்று. எவரும் மாசுபடுத்தாத சுனைநீர். அவர்களைக் காய்ச்சலிலிருந்து காத்தது, கொசு பெருக இடந்தராத குளிர். சிறுமலை தோற்றதற்கும் கோடைமலை வென்றதற்கும் உரிய வேறுபாடு உயரமே. சிறுமலையைவிடக் கொடைக்கானல் மிக உயர்ந்தது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர். நீர் தூயதாக இருந்தவரையில்தான் அவ்விடம் நலம் தரும் இடம். ஊரின் உயிர்நாடி எது என்பது அதன் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. அதனை உணரத்தான் காலம் பிடித்தது.

வீடுகள் ஊராகிய விதம்

இரு வீடுகளைத் தொடர்ந்து மதுரை மாவட்ட ஆட்சி அலுவலரும் வீடு கட்டத் தொடங்கினர். பம்பாய்ப் படையைச் சேர்ந்த மேஜர் பார்ட்ரிட்ஜ் என்பாரும் தொடக்கக் காலக் குடிகளுள் ஒருவர். அவரே ஆஸ்திரேலிய நாட்டுத் தைல மரத்தை இங்குக் கொணர்ந்து நட்டவர். பிரெஞ்சு சேசு சபைத் துறவியர் வீடு வாங்கித் தங்கினர். 1860களில் சலேத் மாதா ஆலயம் எழுந்தது. அரசினர், அமெரிக்கர், கத்தோலிக்கத் துறவியர் என மூவகையினரும் தத்தம் குன்றைத் தேர்ந்து குழுக்குழுவாகக் குடியேறினர். ஒரே நாளில் ஒருவர் வரைந்த திட்டப்படி எழுந்த ஊர் அன்று இது. சரிவின் சாய்வும் சுனையின் இருப்பும் எங்கு இடந்தந்தனவோ அங்கு வீடு எழுந்தது. வீட்டுக்கு வீடு நெடிய இடைவெளி இருந்தது. பெயர்கள் மட்டும் கடல் கடந்த நாட்டின் பெயர்களாயின.

சிதறிக் கிடந்த வீடுகளை ஓர் ஊராகக் கட்டியவர் மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச். வீடுகளுக்கு நடுவே இருந்த சதுப்புப் பள்ளத்தில் ஓடிய ஓடையின் குறுக்கே 1863இல் கரை எழுப்பி ஏரி ஆக்கினார். ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரி, பள்ளங்களின் கிளைகள்தோறும் நீர் புகுந்ததால் விண்மீன் வடிவு கொண்டது. மீன் வளர்க்க ஏற்பாடு செய்தார். முதற்படகைத் தூத்துக்குடியிலிருந்து வருவித்தார். மலைப்பாதையையும் சீர் செய்தார். பணி ஓய்வுக்குப்பின் இங்கேயே தங்கி 1885இல் மறைந்தார். ஏரிக்கரையை ஒட்டிய சிலுவைத் தூண் அவர் நினைவாக நிற்கிறது.

இந்த ஏரியால் இரண்டு மாற்றங்கள் நேர்ந்தன. ஒன்று, ஊருக்கு நடுவிடம் கிடைத்தது. ஏரியைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டர்ச் சாலையே ஊரின் அச்சாணியாயிற்று. அதன் மேற்சரிவுகளே விலைமதிப்புள்ள மனைகளாயின. மற்றொன்று, சுற்றிலும் எழுந்த வீடுகள் அனைத்தின் வடிகாலும் அந்த ஒரே நீர்நிலையை நோக்கிச் சாய்ந்தன. வீடுகள் சிலவாக இருந்த காலத்தில் இரண்டாவது மாற்றம் எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை.

1870ஆம் ஆண்டிலிருந்து 1872வரை லெப்டினன்ட் கோக்கர் என்னும் பொறியாளர் ஊரின் விரிவான வரைபடத்தை ஆக்கினார். பள்ளத்தாக்கின் விளிம்பில் அவர் அமைத்த நடைபாதை இன்றும் ‘கோக்கர்ஸ் வாக்’ எனவே வழங்குகிறது. மலைச்சாலையின் இலக்கணம் சமவெளிச் சாலையின் இலக்கணத்துக்கு மாறானது. சமவெளியில் கயிறு பிடித்தாற்போல் நேராகச் சாலையிட்டு, இருமருங்கும் சதுரம் சதுரமாக மனை பிரிக்கலாம். மலையில் சாலை, ஒரே மட்டத்தில் சரிவைத் தழுவிச் செல்ல வேண்டும். மேற்பக்கம் மண்ணை வெட்டினால் கீழ்ப்பக்கம் கற்சுவர் எழுப்ப வேண்டும். அச்சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் விட வேண்டும். சாலையின் மேலோரத்தில் வாய்க்கால் வேண்டும். வாய்க்கால் அடைபட்டால் நீர் மண்ணுக்குள் இறங்கும். நீர் குடித்த மண் கனத்துச் சரியும். சமவெளி மனைப்பிரிவின் வரைபடத்தை மலைமீது விரிப்போர் மறக்கும் இலக்கணம் இதுவே.

1899இல் கொடைக்கானல் நகராட்சி ஆயிற்று. அதே ஆண்டில் சூரிய ஆய்வுக்கூடத்தின் பணி தொடங்கியது. சூரியக் கரும்புள்ளிகளில் வளிமம் வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909இல் கண்டறிந்தது இங்கேயே. 1901இல் அமெரிக்கர் தம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். அதுவே இன்றைய பன்னாட்டுப் பள்ளி. 1908இல் வன அலுவலர் பிரயண்ட் பூங்காவை அமைத்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் தம் இறுதி நாள்களைக் கழித்து 1891இல் மறைந்ததும் இம்மலையில்தான். அவருடைய உடல் இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. ஈழத்துப் பெருந்தகை பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் 1936இல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை எழுப்பினார். நோயாளிகளின் புகலிடமாகத் தொடங்கிய ஊர் கல்வி, அறிவியல், வழிபாடு ஆகியவற்றின் இடமாயும் வளர்ந்தது. அச்சிறப்பை மறுப்பதற்கில்லை.

தோள்கள் ஏற்றிய ஊர்

வீடு கட்டியோரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. வீட்டைச் சுமந்தோரின் பெயர்கள் எங்கும் இல்லை.

அம்மையநாயக்கனூரில் இறங்கிய பயணியர் இரவெல்லாம் மாட்டுவண்டியில் சென்று பெரியகுளத்தை அடுத்த கிருட்டிணம்ம நாயக்கன் தோப்பை அடைவர். அங்குதான் மலைப்பாதை தொடங்கும். ‘கூலி காட்’ என ஆங்கிலேயர் பெயரிட்டனர். பெயரே அதன் வரலாற்றைச் சொல்கிறது. நடக்க இயன்றோர் நடப்பர். குதிரை உடையோர் குதிரையில் ஏறுவர். பெண்டிர், குழந்தைகள், நோயாளிகள் ஆகியோர் டோலியிலும் நாற்காலியிலும் அமர, மூங்கில் தண்டைத் தோளில் தாங்கிய ஆள்கள் அவர்களைச் சுமந்தனர். ஏறத்தாழ 12 மைல் செங்குத்தான ஏற்றம். கதவுக்குரிய இரும்பு, சாளரத்துக்குரிய கண்ணாடி, கட்டில், அரிசி, நூல் என மேலேறிய பொருள் யாவும் மனிதர் தலையிலோ விலங்கின் முதுகிலோதான் ஏறின.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த நிலை இது. 1870களில் மேஜர் லா என்பார் வண்டிச்சாலை ஒன்றைத் தொடங்கினார். பணம் போதாமையால் வேலை பல்லாண்டு முடங்கிக் கிடந்தது. முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தை ஒட்டித்தான் வத்தலக்குண்டுப் பக்கமாக ஏறும் இன்றைய மலைச்சாலை பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பின் மோட்டார் வண்டிகள் ஏறின, டோலிகள் மறைந்தன.

டோலிகள் எல்லாரிடமிருந்தும் மறைந்துவிடவில்லை. பழைய பாதை வெள்ளகவி வழியே சென்றது என்பது நினைவிருக்கும். 1821இல் வார்டு தங்கி மலையை அளந்த அதே வெள்ளகவிதான். கொடைக்கானல் என்னும் ஊரை உலகுக்குக் காட்டிய வாயில் அது. புதிய சாலை வேறு பக்கமாகச் சென்றதும் அச்சிற்றூர் ஒதுங்கிப் போயிற்று. அண்மைக் காலம்வரை வண்டி செல்லும் சாலை அதற்கு வாய்க்கவில்லை. ஊர் முழுதும் கோயில் நிலம் என்று கருதி, செருப்பணியாமல் நடக்கும் அம்மக்கள், கருவுற்ற பெண்ணையும் நோயுற்ற முதியவரையும் டோலி கட்டித் தோளில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற செய்தி நாளிதழ்களில் பன்முறை வந்ததுண்டு. நலம் நாடி வந்தவர்களை மேலேற்றிய அதே டோலி, அவ்வூராரின் நலத்துக்காகக் கீழிறங்கியது. ஒரு குடியிருப்பு வளர்ந்தது எனச் சொல்லும்போது, எவருக்காக வளர்ந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதற்கு வெள்ளகவியினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கீழிறங்கும் நீர்

1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொடைக்கானலின் மக்கள்தொகை 1,912. 2011இல் அது 36,501. ஏறத்தாழ 19 மடங்கு. கோடைக் காலத்தில் வந்து செல்வோர் தொகை இதில் அடங்காது. லெவிஞ்ச் அமைத்த ஏரியோ அதே 60 ஏக்கர் ஏரிதான்.

பழனிமலையின் உச்சி, சோலைக்காடும் புல்வெளியும் மாறிமாறி அமைந்த நிலம். புல்லும் சோலையும் மழைநீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறுகச் சிறுகக் கசியவிடும். குறிஞ்சிச் செடி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதும் அப்புல்வெளியில்தான். 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. இனி 2030இல் பூக்கும். விறகுக்கென ஓரிரு தைல மரமாகத் தொடங்கியது, 20ஆம் நூற்றாண்டில் தைலமும் சீகையுமாகப் பெருந்தோப்புகளாயிற்று. புல்வெளிகள் சுருங்கின, சுனைகளும் ஓடைகளும் மெலிந்தன.

உச்சியில் நேர்வது உச்சியோடு நிற்பதில்லை. பாம்பாறு மலையிலிருந்து இறங்கிக் கும்பக்கரை அருவியாகப் பெரியகுளத்துக்கு அருகே விழுகிறது. கொடைக்கானல் ஏரியின் மிகுநீர் மலைச்சாலையோரம் வெள்ளி அருவியாக வீழ்கிறது. கோடைமலையின் வடக்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் பழனி வட்டத்து அணைகளை நிரப்புகின்றன. மேலே ஒரு வீட்டின் கழிவுநீர் ஓடையிற் கலந்தால், கீழே ஒருவர் குடத்தில் அது வந்து சேரும். வாந்திபேதிக்கு அஞ்சித் தூய நீரைத் தேடி ஏறியவர்களின் ஊர், கீழுள்ளோரின் நீரைக் கெடுக்கும் ஊராக மாறுமானால், அதனினும் பெரிய முரண் இல்லை. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த முறைமை இங்கு எண்ணத்தக்கது.

காலம் தாழ்ந்தேனும் அரசு இதனை உணர்ந்தது. 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. ‘ஹாக்கா’ எனச் சுருக்கமாக வழங்கும் அக்குழுமத்தின் பட்டியலில் உள்ள ஊர்களில் மனை பிரிப்பதற்கும் கட்டடம் எழுப்புவதற்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. 1993இல் மலைநகரங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் வந்தன. 2024 மே 7 முதல், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. ஒரு மலை எத்தனை வீட்டைத் தாங்கும், எத்தனை வண்டியைத் தாங்கும் என்னும் கேள்வி, 1845இல் கேட்கப்படாமல், ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்குப்பின் நீதிமன்றத்தில் கேட்கப்பட்டது.

அடிவாரத்தார் அறிய வேண்டுவன

இவ்வரலாறு அய்யலூருக்கு எவ்வகையில் பொருந்தும்? அய்யலூர்க் குன்றுகள் கொடைக்கானல்போல் உயர்ந்தவை அல்ல, குளிர்ந்தவையும் அல்ல. ஆயினும் இவையும் மழையை வாங்கி ஓடைகளாகவும் குளங்களாகவும் வயலுக்கு அனுப்பும் மலைகளே. தக்காளிக்கும் ஆட்டுச் சந்தைக்கும் பெயர்பெற்ற இவ்வூரின் பிழைப்பு அந்நீரைச் சார்ந்தது. திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேர் பரப்பை, தேவாங்குக்கெனக் கடவூர் சரணாலயமாக 2022இல் அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதற்சரணாலயம் அது. இரவில் உலவிப் பூச்சிகளை உண்டு, மரக்கிளை விட்டுக் கிளை தாவாமல் பற்றிப் பற்றி நகரும் அச்சிற்றுயிருக்கு, தொடர்ந்த மரநிழலே சாலை. நடுவே ஒரு மனைப்பிரிவு வந்தால் அதன் சாலை அறுந்துபோகும்.

வீடு கட்டுவது குற்றமன்று. தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்பது அனைவர்க்கும் உரிய ஆசை. அவ்வாசையோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே கோடைமலை வரலாறு தரும் பாடம்.

முதற்கேள்வி, நீரைப் பற்றியது. இம்மனைக்கு நீர் எங்கிருந்து வரும்? பயன்படுத்திய நீர் எங்குச் செல்லும்? ஓடைப் புறம்போக்கும் வண்டிப்பாதையும் மனைக்குள் மறைக்கப்பட்டுள்ளனவா? கிராமக் கணக்கின் புலப்படத்தில் இதனைப் பார்த்துவிடலாம். கோடைக்காலத்தில் வறண்டு கிடக்கும் ஓடை ஓடை அல்லாமற் போய்விடாது. ஐப்பசி அடைமழையில் அது தன் வழியைக் கேட்டு வரும்.

இரண்டாவது கேள்வி, நிலத்தைப் பற்றியது. ‘தரிசு’ என்று ஏட்டில் உள்ள நிலம் உண்மையில் எவருக்குப் பயன்பட்டு வந்தது? ஆடு மேய்த்தோர், விறகு பொறுக்கியோர், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோர் ஆகியோர் இனி எவ்வழியே செல்வர்? மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் உண்டா? ஹாக்கா பட்டியலில் அவ்வூர் இருக்கிறதா? ஒப்புதல் எண்ணை விளம்பரத் தட்டியில் மட்டும் காணாமல் அலுவலகத்திலும் கேட்டுத் தெளிதல் நன்று.

மூன்றாவது கேள்வி, வழியைப் பற்றியது. புதிய குடியிருப்புக்கு இடும் சாலை, பக்கத்தில் நெடுநாளாக இருக்கும் சிற்றூருக்கும் பயன்படுமா? விலை கொடுத்தோர் வீட்டு வாயில்வரை தார்ச்சாலையும், அங்கு வேலைக்கு வருவோர் ஊருக்கு மண்பாதையும் என்றிருந்தால், அது வெள்ளகவியின் கதையை மீண்டும் எழுதுவதாகும்.

நிறைவுரை

கொடைக்கானலை உருவாக்கியோர் கெட்ட எண்ணம் கொண்டோர் அல்லர். நோயால் உற்றாரை இழந்தோர்; பிள்ளைகளைக் காக்க விரும்பியோர்; தாம் தங்கிய இடத்தை அன்போடு அழகு செய்தோர். ஏரியும் பூங்காவும் பள்ளியும் ஆய்வுக்கூடமும் அவர்தம் உழைப்பின் பயன்கள். ஆயினும் மலைமேல் எழும் ஊருக்கு இருவரோடு உறவு உண்டு. தன்னை மேலே சுமந்தோர் ஒருவர். தன்னிலிருந்து இறங்கும் நீரைக் குடிப்போர் மற்றொருவர். அவ்விருவரும் ஊரின் வரைபடத்துக்கு வெளியே வாழ்கின்றனர். ஆகவே வரைபடம் வரைவோர் அவர்களை எளிதில் மறந்துவிடுகின்றனர். அவர்களை மறவாமல் வரையப்படும் மனைப்பிரிவே நல்ல மனைப்பிரிவு.

அய்யலூர் அடிவாரத்தில் நாளை எழும் தெருக்களுக்கு எப்பெயர் வேண்டுமாயினும் இடுக. அத்தெருக்களின் வழியே மழைநீர் தடையின்றி இறங்கிக் குளத்தைச் சேருமானால், பக்கத்துச் சிற்றூரின் நோயாளி டோலியின்றி மருத்துவமனை சேருவாரானால், அவற்றை அமைத்தோரைப் பின்னோர் வாழ்த்துவர்.